எட்டாம் மாடியிலிருந்து இறங்கிய மஞ்சள் பை

ஜூன் 9, திங்கள்

அலுவலகத்தில் மிச்சப்பட்ட நோட்டு இது. அட்டையில் ‘கள வருகைப் பதிவேடு’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறது. இதே மாதிரி இன்னொன்று என் தோள்பையில் இருக்கிறது. அதில் தேதி, கதவு எண், பார்த்தது, செய்தது என்று நான்கு கட்டத்துக்குள் எழுத வேண்டும். இதிலும் அதே கட்டங்கள்தான். ஆனால் இதை யாரும் பார்க்கப் போவதில்லை என்பதால் கோட்டைத் தாண்டி எழுதிக்கொள்கிறேன்.

தொண்டு நிறுவனம் ஒன்றில் என் வேலைக்குப் பெயர் குடும்ப ஆதரவுப் பணியாளர். ஆற்றங்கரைக் குடிசைகளைக் காலி செய்து, நகரத்துக்கு வெளியே சதுப்பேரியில் எட்டு மாடிக் கட்டடங்களில் கொண்டுவந்து வைத்த குடும்பங்களில் அறுபத்திரண்டு என் பங்கு. ரேஷன் அட்டையில் முகவரி மாற்றுவது, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது, உதவித்தொகைக்கு அலைவது எல்லாம் நான். குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் என்னைத்தான் கேட்பார்கள். “அறுபத்திரண்டு வீட்டுக்கு மருமக, நம்ம வீட்டுக்கு விருந்தாளி” என்று தயாளன் கேலி செய்வார். கட்டிய கணவருக்கு அந்த உரிமை உண்டு.

இன்று ஜே பிளாக்கின் கீழே பந்தல் போட்டுப் பதிவு நடந்தது. பவுனம்மாள் என்று ஒருத்தி வந்தாள். முப்பது வயதிருக்கும். மீன் அங்காடியில் மீன் ஆய்ந்து கொடுக்கும் வேலை. விரல்களெல்லாம் கீறல். கணவர் இறந்து நான்கு வருடம். பின்னால் ஒன்பது வயதில் ஒரு பெண், மோனிஷா. பள்ளியே கிடைக்கவில்லை, ஆனால் பழைய பள்ளியின் சீருடையைப் போட்டுக்கொண்டு நின்றது. ஏன் என்று கேட்டேன்.

“இன்னிக்கி ஸ்கூல் தொறக்கறாங்க இல்ல மேடம்? காலைலயே போட்டுனு குந்திக்கினு இருக்குது” என்றாள் பவுனு.

எங்கள் விதிப்படி, வீட்டுக்கே போய்ப் பிள்ளையைப் பார்த்து, காகிதங்களைக் கையால் வாங்கிவந்தால்தான் சேர்க்கைக் கடிதம் போட முடியும். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்றேன். விடிவதற்கு முன்னாலேயே பஸ் பிடித்துப் போனால் சாயங்காலம்தான் திரும்புவேன் என்றாள்.

“நா இல்லன்னாலும் பாப்பா எடுத்துக் குடுத்துடும் மேடம். நீங்க வந்தா போதும்.”

அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்து, “எட்டாவது மாடி மிஸ். பதினாலு” என்றது. வழி தெரியாமல் போய்விடுவேனோ என்று அதற்குக் கவலை.

ஜூன் 12, வியாழன்

தூக்கம் தூக்கமாக வருகிறது. பஸ்ஸில் உட்கார்ந்தால் தூக்கம். எங்கள் மேலாளர் ஜெசிந்தா மேடம் கூட்டத்தில் பேசும்போது ஜன்னலுக்கு வெளியே துணிகள் பறக்கின்றன, அவற்றில் ஒன்றின் மேல் நான் படுத்திருக்கிறேன். மேடம் என் பெயரைக் கூப்பிட்டதும்தான் நாற்காலிக்குத் திரும்பி வந்தேன்.

டாக்டரம்மா மாத்திரை மாற்றிக் கொடுத்திருக்கிறார். இன்னும் ஒரு மாதத்துக்கு மாடிப்படி கூடாது என்றார். எதற்கு என்று இங்கே எழுதப் போவதில்லை. இரண்டு முறை எழுதினேன், இரண்டு வருடத்து டைரிகளில். இரண்டும் நிற்கவில்லை. மூடநம்பிக்கை என்று தயாளன் சொல்வார். இருந்துவிட்டுப் போகட்டும்.

அலுவலகத்திலும் சொல்லவில்லை. ஜூலை முப்பத்தொன்றில் என் ஒப்பந்தம் முடிகிறது. களத்துக்குப் போக முடியாதவளுக்கு யார் புதுப்பிப்பார்கள்?

கத்தரிக்காய் வதக்கும் வாசனை பிடிக்கவில்லை. ரசம் வைத்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

ஜே பிளாக். லிஃப்ட் ஓடவில்லை. கதவில் செங்கல்லை வைத்து அடைத்திருக்கிறார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பது போல, அரசாங்கம் லிஃப்டைக் கொடுத்தாலும் அதன் சாவி வைத்திருப்பவர் ஊருக்குப் போயிருக்கிறார்.

கட்டடத்தின் நிழலில் தனபாக்கியத்தின் டீக்கடை. ஒரு பெஞ்சு, ஒரு ஸ்டவ், ஒரு தகர டப்பாவில் தேன்மிட்டாய். உட்கார்ந்தேன். மாடிக்காரர்கள் இறங்கி வராமல் கயிற்றில் பையைக் கட்டி விடுகிறார்கள். தனபாக்கியம் அதில் டீ பாட்டிலையோ பன்னையோ வைத்துக் கயிற்றை இரண்டு முறை சுண்டுகிறாள். பை மேலே போகிறது. பார்த்துக்கொண்டே இருக்கலாம். கட்டடம் மெதுவாக மூச்சு விடுகிற மாதிரி பைகள் இறங்கின, ஏறின.

எல்லாவற்றுக்கும் மேலே, ஐந்தாம் மாடி உயரத்தில் ஒரு மஞ்சள் துணிப்பை மட்டும் இறங்காமலும் ஏறாமலும் தொங்கியது. கல்யாண வீட்டில் தாம்பூலம் போட்டுக் கொடுக்கும் பை. வெயில் அதன் வழியாகத் தெரிந்தது.

பிறகு பதிவேட்டை எடுத்து எழுதினேன்: ‘ஜே 8/14. வீடு பூட்டியிருந்தது.’

நான்கு கீழ்வீடுகளை முடித்துவிட்டுத் திரும்பினேன்.

ஜூன் 18, புதன்

கனவில் மாடிப்படி முழுக்கத் தண்ணீர். நான் ஏறவில்லை, மிதந்துகொண்டே மேலே போனேன்.

ஜூன் 24, செவ்வாய்

லிஃப்ட் கதவில் இன்னும் அதே செங்கல். அதன் மேல் யாரோ சூடம் ஏற்றியிருக்கிறார்கள். இனி அதை எடுக்கவே மாட்டார்கள்.

தனபாக்கியம் கடையில் சுக்குக் காபி குடித்தேன். மஞ்சள் பை இன்று மூன்றாம் மாடி வரைக்கும் வந்திருந்தது. கயிற்றில் வழியில் ஒரு முடிச்சு, முடிச்சுக்குக் கீழே நிறம் வேறு. காற்றில் சுவரைத் தொட்டுத் தொட்டு விலகியது. யாருடைய பை, யாருக்கு வருகிறது என்றெல்லாம் யோசிக்கத் தோன்றவில்லை. அழகாக இருந்தது, அவ்வளவுதான்.

‘ஜே 8/14. வீடு பூட்டியிருந்தது.’

அம்மா வேலைக்குப் போகிறாள் என்றால் வீடு பூட்டித்தான் இருக்கும். இதில் தப்பு ஒன்றும் இல்லை.

ஜூன் 27, வெள்ளி

டி பிளாக்கில் காது கேளாத தாத்தா ஒருவருக்கு ரேஷன் கடைக் கைரேகை விழவே இல்லை. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தோம். கடைசியில் இடது சுண்டுவிரலுக்கு இயந்திரம் இசைந்தது. கடையில் இருந்தவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். இந்த வேலையில் இப்படி நாளும் உண்டு.

மதியம் பவுனுவின் எண்ணிலிருந்து ஒரு மிஸ்டு கால். திரும்பக் கூப்பிட வேண்டும்.

ஜூன் 29, ஞாயிறு

போர்வை துவைத்தேன். தயாளன் வாளியைத் தூக்க விடவில்லை. மதியம் முழுக்கத் தூங்கினேன். பவுனுவைக் கூப்பிட மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்றே இருக்கட்டும்.

ஜூலை 1, செவ்வாய்

மஞ்சள் பை கிட்டத்தட்ட வந்துவிட்டது. முதல் மாடி ஜன்னல் வரைக்கும். கயிற்றில் இப்போது நாலைந்து வகை: மேலே நைலான், அப்புறம் சேலைக் கரை, அதற்குக் கீழே இன்னொரு சேலை, கடைசியில் நீல ரிப்பன் மாதிரி ஒன்று. யாரோ வாரா வாரம் உட்கார்ந்து முடிந்திருக்கிறார்கள். யார் பெற்ற பொறுமையோ. அண்ணாந்து பார்த்ததில் கண் கூசியது. மேலே கம்பிக்குள் ஏதோ அசைந்தது, துணியாக இருக்கலாம். என்னையறியாமல் சிரித்துவிட்டேன்.

“இன்னா மேடம், தனியா சிரிக்கற?” என்றாள் தனபாக்கியம்.

“ஒண்ணுமில்ல, தூக்கம்” என்றேன்.

‘ஜே 8/14. வீடு பூட்டியிருந்தது.’

மாலையில் ஜூன் மாதப் பதிவேட்டின் நகலையும் இன்றைய பக்கத்தையும் மேடத்திடம் கொடுத்தேன். அவர் வழக்கம்போல ஒரு பிரதியை, வீடுகளை ஒதுக்கும் அரசுக் குடியிருப்பு அலுவலகத்துக்கு அனுப்பினார்.

ஜூலை 8, செவ்வாய்

பவுனு எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. “மீன் கவுச்சி அடிக்கும் மேடம்” என்று செருப்பு விடும் இடத்திலேயே நின்றாள். கையில் நான்காக மடித்த காகிதம். கதவில் ஒட்டியிருந்ததைக் கிழியாமல் உரித்து எடுத்து வந்திருக்கிறாள். பின்பக்கம் பசை காய்ந்திருந்தது.

மூன்று வருகைகளிலும் வீடு பூட்டியிருந்ததால் அவர்கள் குடியிருக்கவில்லை என்று கருதப்படுகிறது. ஜூலை பதினைந்துக்குள் விளக்கம் தராவிட்டால் ஒதுக்கீடு ரத்து.

“படிச்சிக் காட்னாங்க. நாங்க அந்த வூட்ல இல்லியாம். அப்ப தினம் எட்டு மாடி ஏறிப் போறது யாரு மேடம், எங்க ஆவியா?”

நான் காகிதத்தையே பார்த்தேன்.

“மூணு வாட்டி வந்து பாத்தாங்கனு போட்டுக்குது. யாரு வந்தாங்கனு போடல. பாப்பா ஒண்ணு சொல்லுது. செவ்வாக்கெழம ஆச்சினா மிஸ் வந்தாங்க, கீழ நின்னாங்க, போய்ட்டாங்கனு. அது கனா கண்டுனு சொல்லுதுனு நெனச்சிக்கினேன். ஒண்டியா இருக்குதில்ல, நெறைய அப்டி பேசும்.”

“விசாரிக்கறேன் பவுனு” என்றேன். என் குரல் எனக்கே அடுத்த அறையிலிருந்து கேட்டது.

“ஆத்தங்கரைய இடிச்சிட்டாங்க. இதும் போச்சினா அத்த இட்டுனு நா எங்க போவேன்?” அழவில்லை. கேட்டுவிட்டு, அங்காடிக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள். அவள் நின்ற இடத்தில் இரண்டு செதில்கள் மின்னின. நானே துடைத்தேன்.

ஜூலை 9, புதன்

குடியிருப்பு அலுவலகத்துக்காரர்களைச் சொல்ல வேண்டும். ஒரு பதிவேட்டை வைத்து வீட்டைப் பிடுங்குவார்களா? அக்கம்பக்கம் விசாரிக்க மாட்டார்களா? லிஃப்டைச் சரி செய்யாதது யார் குற்றம்? மாடிக்குப் போகாமலே எழுதுகிறவர்கள் என்னைத் தவிர எத்தனை பேர்?

கடைசி வரியை எழுதிவிட்டுத்தான் படித்தேன். எழுதிவிட்டேன். அடிக்கவில்லை.

ஆமாம். ஏறவில்லை. மூன்று செவ்வாயும் பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். எனக்கு இருபத்தொரு நாள் ஓடியிருக்கிறது. பேராசைதான்.

ஜூலை 10, வியாழன்

ஏறினேன்.

தயாளனிடம் சொல்லவில்லை. பதினோரு மணிக்கு ஜே பிளாக் வாசலில் நின்று, ஒரு மாடிக்குப் பத்து நிமிடம் என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். முதல் மாடியில் யாரோ மிக்சியில் மிளகாய் அரைத்தார்கள். இரண்டாம் மாடியில் புறாக்கள். மூன்றாம் மாடித் திருப்பத்தில் ஒரு குழந்தை சேலைத் தூளியில் தூங்கியது, ஆட்டுவதற்கு ஆளில்லை, ஒரு தரம் ஆட்டிவிட்டுப் படியில் உட்கார்ந்தேன். ஐந்தாம் மாடிப் பெண் ஒருத்தி, “இன்னா மேடம், மூஞ்சி வெளுத்துக் கெடக்குது” என்று சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். அதற்கு மேலே சத்தங்கள் குறைந்தன. ஏழாம் மாடியில் காற்று மட்டும்தான் இருந்தது. வயிற்றில் கை வைத்தபடியே ஏறினேன். கொஞ்சம் பொறு, கொஞ்சம் பொறு என்று சொல்லிக்கொண்டே. யாரிடம் சொன்னேன் என்று எழுதத் தேவையில்லை.

எட்டாம் மாடி வேறு ஊர். நடைபாதையின் கைப்பிடிச் சுவருக்கு அப்பால் சதுப்பு நிலம் பளபளத்துக் கிடந்தது, அதற்கு அப்பால் புகை மூட்டத்தில் நகரம். வானம் தோள் உயரத்தில் இருந்தது.

பதினாலாம் எண். கதவில் பூட்டு.

என்னத்தைச் சொல்வது. நான் கீழே உட்கார்ந்து பொய்யாக எழுதிய பூட்டு, உள்ளங்கை அகலத்துக்குப் பித்தளையில் நிஜமாகவே தொங்கியது. ஒரு நிமிடம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஏறியிருந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பேன்; நான் எழுதியது பொய் இல்லை. அப்படியே திரும்பி இறங்கியிருப்பேன்.

கதவை ஒட்டிய ஜன்னலின் உள்ளே யாரோ மெதுவாக வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஏழாம் வாய்ப்பாடு.

“மோனிஷா?”

சத்தம் நின்றது. கம்பிக்குப் பின்னால் முகம் வந்தது. அதே சீருடை.

“யாரு?”

“நான்தான். ஆபீஸ் மிஸ்.”

அது என்னை உற்றுப் பார்த்தது. “கீழ நிக்கற மிஸ்ஸா?”

“ஆமா” என்றேன்.

“அம்மா வெளிய பூட்டிட்டுப் போய்டும். ஆத்தாண்ட இருந்தப்ப பூட்டே கெடயாது மிஸ், எல்லாரும் பாத்துக்குவாங்க. இங்க யாரையும் தெரியாதில்ல, அதான். சாவி அம்மாகிட்டதான்.” அம்மாவைக் கோபித்துக்கொள்வேனோ என்று வேகமாகச் சொன்னது. “சோறு வெச்சிட்டுத்தான் போவும்.”

“கீழ நின்னப்ப என்னக் கூப்பிட்டிருக்கலாமே பாப்பா.”

“கூப்ட்டேன் மிஸ். காத்து எடுத்துனு பூடுச்சி. பேப்பர் குடுக்கணுமில்ல, அதான் அந்தாண்ட ஜன்னல்ல பைய வுட்டேன். கயிறு எட்டல. மறுவாரத்துக்கு அம்மா பழைய சேல கிழிச்சேன், அப்பவும் எட்டல. அப்பால பெல்ட்டு கட்டுனேன்.” சீருடை இடுப்பைக் காட்டியது. பெல்ட் இல்லை. “போன தடவ நீங்க மேல பாத்து சிரிச்சீங்க. பாத்துட்டாங்கனு கைய ஆட்டுனேன். நீங்க எழுதினு போய்ட்டீங்க.”

மஞ்சள் பை ஜன்னல் பக்கமாக ஆணியில் தொங்கியது. கம்பி வழியாக ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தது. மாற்றுச் சான்றிதழ். பிறப்புச் சான்றிதழ் நகல். இரண்டு போட்டோ. கடைசியில் காகிதத்தோடு ஒட்டிப்போன ஒரு தேன்மிட்டாய்.

“வர்றவங்களுக்கு எதுனா குடுக்கணும்னு அம்மா சொல்லிச்சி. அது மொத வாரமே வெச்சது. சாப்டாதீங்க.”

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். அது கம்பி வழியாகக் கையை விட்டு என் தலைமுடியைத் தொட்டுப் பார்த்தது. பிறகு, செய்வதற்கு ஒன்றும் தெரியாமல், விட்ட இடத்திலிருந்து ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்ல ஆரம்பித்தது.

தேன்மிட்டாயைச் சாப்பிட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

ஜெசிந்தா மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏறாததைச் சொன்னேன், ஏன் ஏறவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. அவர் கெட்டவர் இல்லை. கதவைச் சாத்திவிட்டு எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

“மங்கை, கதவுல பூட்டு இருந்துச்சுதானே? அப்ப நீ எழுதினது தப்பில்ல. இப்படிச் செய்யி. பொண்ணு உள்ள இருந்துச்சு, அம்மா வெளிய பூட்டிட்டுப் போயிருந்தாங்கன்னு சேர்த்து எழுது. குடியிருக்காங்கன்னு நிரூபணம் ஆயிடும். வீடு தப்பிச்சிடும். நீயும் தப்பிச்சிடுவ.”

“பொண்ணு, மேடம்?”

“ஒம்பது வயசுப் பிள்ளைய நாள் முழுக்கப் பூட்டி வைக்கறது சரியா? குழந்தைகள் நலக் குழு பாத்துக்கும். கொஞ்ச நாள் காப்பகத்துல இருக்கட்டுமே. மூணு வேளை சாப்பாடு, பக்கத்துலயே ஸ்கூல்.”

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் கஷ்டம்.

“திங்கட்கிழமை எழுதிக் கொடு” என்றார்.

ஜூலை 12, சனி

தயாளனிடம் சொன்னேன். கொத்தவரங்காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“என்ன எழுதணும்னு நீதான் முடிவு பண்ணணும். வேலை போனாலும் பாத்துக்கலாம். ஆனா எங்கிட்டகூடச் சொல்லாம எட்டு மாடி ஏறியிருக்க பாரு மங்கை, அதுதான் எனக்குத் தாங்கல.”

“சொன்னா விட்டிருக்க மாட்டீங்க.”

“விட்டிருக்க மாட்டேன்தான். கூட ஏறியிருப்பேன்.”

ஜூலை 13, ஞாயிறு

கனவு. கயிறு மேலேயிருந்து வருகிறது, நான் கீழே அண்ணாந்து நிற்கிறேன். கை எட்டவில்லை. கயிற்றின் நுனி என் வயிற்றிலிருந்துதான் போகிறது என்று திடீரெனத் தெரிகிறது. விழித்தபோது மதியம். தயாளன் மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்திருந்தார்.

யோசித்துப் பார்த்தேன். மேடம் சொன்ன மாதிரி எழுதினால் பூட்டியவள் பவுனு என்பதுதான் காகிதத்தில் நிற்கும். அந்தப் பூட்டு எதற்காக ஒரு மாதம் தொங்கியது? ஜூன் பதினேழில் நான் ஏறி, காகிதத்தை வாங்கியிருந்தால், மறுநாளே அந்தப் பிள்ளை பள்ளியில் இருந்திருக்கும்.

ஜூலை 14, திங்கள்

எழுதிக் கொடுத்துவிட்டேன். நகல் இங்கே இருக்கட்டும்.

‘ஜூன் 17, ஜூன் 24, ஜூலை 1 ஆகிய நாட்களில் ஜே பிளாக் 8/14 வீடு பூட்டியிருந்ததாக நான் எழுதியது, நேரில் பார்த்து எழுதியதல்ல. மூன்று நாட்களும் நான் கீழ்த்தளத்தைத் தாண்டவில்லை. அந்தப் பதிவுகளை நம்ப வேண்டாம். ஜூலை 10 அன்று மேலே சென்றேன். அந்தக் குடும்பம் அங்கே வாழ்கிறது. இப்படிக்கு, மங்கையர்க்கரசி.’

மேடம் இரண்டு முறை படித்தார். “பொண்ணப் பத்தி ஒண்ணும் இல்லையே?”

“இல்ல மேடம்.”

“நாளைக்கு உன்ன நிக்க வெச்சுக் கேப்பாங்க.”

“தெரியும்.”

ஜூலை 15, செவ்வாய்

குடியிருப்பு அலுவலகத்தில் நீளமான மேஜை. அதிகாரி என் கடிதத்தைச் சத்தமாகப் படித்தார். ஏழு பேர் இருந்தார்கள். பவுனு சுவரோரம் நின்றாள். இன்று வேலைக்குப் போகவில்லை, கவுச்சி போக மஞ்சள் தேய்த்துக் குளித்து, பெட்டியில் மடித்து வைத்திருந்த சேலையைக் கட்டியிருந்தாள். படிக்கப் படிக்க அவள் முகம் என் பக்கம் திரும்பியது.

“மேலே போகவே இல்லையா?”

“இல்லை சார்.”

“ஏன்?”

லிஃப்டைச் சொல்லலாம். முழங்கால் வலி என்று புளுகலாம். அறையில் ஒரு பல்லி கத்தியது.

“மூணு மாசம் சார். ஏற்கெனவே ரெண்டு கலைஞ்சிருக்கு. மாடி ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்க. ஆபீஸ்ல சொன்னா வேலை போயிடும்னு சொல்லல. அது என் கஷ்டம். அதுக்கு அவங்க வீடு என்ன செய்யும்?”

சொல்லிவிட்டேன். ஏழு பேர் கேட்க, சாமி படத்துக்குக் கீழே. இனி எழுதாமல் இருந்து என்ன? மூன்று மாதம். எழுதிவிட்டேன்.

அதிகாரி பேனாவை மூடித் திறந்தார். நோட்டீஸின் மேல் ‘இந்த நோட்டீஸ் ரத்து’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் நிறுவனத்துக்குத் தனியாகக் கடிதம் போகும் என்றார். போகட்டும்.

வெளியே தூங்குமூஞ்சி மரத்தடியில் பவுனு காத்திருந்தாள். அவள் என்னை அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

“மூணு வாட்டி. கீழ குந்தி டீ குடிச்சிட்டுப் போயிருக்கிற. எம்பொண்ணு பாத்துனே இருந்துக்குது. நா அத்த பைத்தியம்னு சொன்னேன். பொய் சொல்றியானு அடிச்சிட்டேன் மேடம், போன வாரம்.” முந்தானையை இழுத்துச் செருகினாள். “உன்ன எங்க ஆத்தங்கரையா இருந்தா சும்மா வுட்டிருக்க மாட்டேன்.”

“விடக் கூடாதுதான்” என்றேன்.

“அப்பால எதுக்கு ஏறின? இந்த வவுத்த வெச்சிக்கினு எட்டு மாடி ஏறுவியா? அறிவிருக்குதா ஒனக்கு?” இப்போதுதான் நிஜமாகக் கத்தினாள். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கத்தி முடித்துவிட்டு வேர் மேல் உட்கார்ந்தாள். என்னையும் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

பிறகு சொன்னாள்: “பூட்டுப் போட்டது நானு. ஏறாம போனது நீ. ரெண்டு பேரும் சேந்துதான் அத்த உள்ள வெச்சிட்டோம்.”

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. அம்மியே பறக்கும் காற்று. ஸ்கேன் எடுக்கப் போனோம். டாக்டரம்மா என்னைத் திட்டினார், தயாளன் தலையாட்டி ஆமோதித்தார். பிறகு ஒரு சத்தத்தைக் கேட்க வைத்தார். தூரத்தில் யாரோ படியில் ஓடி வருகிற மாதிரி, சின்னச் சின்னக் காலடி. நான் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனேனாம். தயாளன் சொன்னார்.

ஜூலை 21, திங்கள்

மோனிஷா ஐந்தாம் வகுப்பில் சேர்ந்தது. தலைமையாசிரியை வாய்ப்பாடு கேட்டார். ஏழாம் வாய்ப்பாட்டை நிறுத்தாமல் சொன்னது, பதினாறோடு நிறுத்தச் சொல்லியும் நிற்கவில்லை. பள்ளி விட்டு வந்தால் வீட்டுச் சாவி தனபாக்கியத்தின் தேன்மிட்டாய் டப்பாவில் இருக்கும் என்று ஏற்பாடு. பவுனு சாவியைக் கொடுக்கும்போது தனபாக்கியத்தின் கையைக் கொஞ்ச நேரம் விடவில்லை.

பெல்ட் மட்டும் புதிது வாங்க வேண்டும் என்றார்கள். பழையது கயிற்றில் இருக்கிறது, அவிழ்க்க வராது என்றது மோனிஷா.

ஜூலை 31, வியாழன்

ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. மேடம் கண் கலங்கினார். தோள்பையைக் காலி செய்து, பதிவேட்டை ஒப்படைத்தேன். இந்த நோட்டு அலுவலகத்துடையது என்று நேர்மையாகச் சொன்னேன். “எழுதினத வெச்சு நாங்க என்ன பண்றது, எடுத்துட்டுப் போ” என்றார்.

இட்லிக்கு ஊறப் போட்டேன்.

ஆகஸ்ட் 9, சனி

வேலை இல்லாதவளுக்குச் சதுப்பேரியில் என்ன வேலை? ஆனாலும் போனேன். தயாளன் பஸ் நிறுத்தம் வரை வந்தார், அதற்கு மேல் வர வேண்டாம் என்றேன். புதுப் பெல்ட் ஒன்று வாங்கி வைத்திருந்தேன்.

செங்கல் அப்படியேதான் இருக்கிறது, பொட்டும் வைத்துவிட்டார்கள். தனபாக்கியம் சுக்குக் காபி போட்டாள். டப்பாவில் மிட்டாய்தான் இருந்தது, சாவி இல்லை. குடித்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தேன். எட்டாம் மாடிக் கம்பிக்குள் ஒரு கை ஆடியது. இந்த முறை நானும் ஆட்டினேன், தம்ளரில் இருந்த காபி சிந்தும் அளவுக்கு.

மஞ்சள் பை இறங்கியது. ஏழு, ஆறு, ஐந்து. ஆடிக் காற்று அதைப் பிடித்து இழுத்தது, சுவரில் மோதியது, நின்றது, மறுபடி இறங்கியது. நைலான், சேலை, சேலை, பெல்ட், அதற்கும் கீழே நான் பார்க்காத புது முடிச்சு ஒன்று. முதல் மாடியைத் தாண்டியது. நான் எழுந்து நிற்கவே வேண்டியிருக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தபடி கையை நீட்டினேன், பை கையில் வந்து உட்கார்ந்தது.

உள்ளே ஒரு தேன்மிட்டாய். கோடு போட்ட நோட்டுத் தாளில் நான்கு வார்த்தை.

‘ஏறாதீங்க மிஸ். நான் வரேன்.’

கயிற்றை இரண்டு முறை சுண்டினேன். மேலே கதவு சாத்தும் சத்தம் கேட்டதாகத் தோன்றியது. பிறகு படிக்கட்டுக்குள்ளிருந்து காலடிகள், முதலில் எங்கோ, அப்புறம் தெளிவாக, இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கிக்கொண்டிருந்தன. அது வந்து சேர்வதற்குள் நோட்டை எடுத்து, கோட்டைத் தாண்டாமல், கட்டத்துக்குள் எழுதினேன்.

ஜே 8/14. வீடு திறந்திருந்தது. மேலே போகவில்லை.